டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தால் பில் குறையுமா?

சயான் கோலிவாடாவில் மளிகைக் கடை நடத்தும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் கடைக்குப் போனேன். சுவர் பிளக்கில் புதிதாக ஒரு வெள்ளை டப்பா செருகியிருந்தது. அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு.

"என்ன அண்ணாச்சி இது?"

"கரண்டு மிச்சம் பண்ணுத டப்பா தம்பி. ஆயிரத்து இருநூறு ரூவா. பில்லு முப்பது பெர்சென்ட் குறையும்னு சொல்லுதாவ."

"குறைந்ததா?"

"இந்த மாசம் குறையல. மழைல்லா, பகல்லயே லைட்டு போட வேண்டியிருக்கு. அடுத்த மாசம் தெரியும்."

அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாடிப்படிக்குக் கீழே அவருடைய மீட்டர் இருக்கிறது. இப்போதுள்ள எலெக்ட்ரானிக் மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். அவருடையதில் 3200 என்று இருந்தது. பிரிட்ஜ், மின்விசிறி, தராசு எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஆறு டியூப்லைட் மட்டும் எரிந்தது. பையனைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிவிட்டு நான் எண்ணினேன். டப்பா செருகியிருந்தபோது ஒரு நிமிடத்துக்கு 16 மின்னல். டப்பாவைப் பிடுங்கிவிட்டு எண்ணினால் அதே 16.

அண்ணாச்சி நம்பவில்லை. தாமே ஒருமுறை எண்ணினார். பிறகு டப்பாவைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டார்.

பாத்திரத்தின் எடை

அந்த டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் அந்தப் பச்சை விளக்கும்தான். கெப்பாசிட்டர் பயனற்ற பொருள் அல்ல. செம்புக் கம்பி சுற்றிய பழைய சோக் உள்ள டியூப்லைட்டும் மோட்டாரும் கம்பியில் தேவைக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். அதில் ஒரு பங்கு வேலை எதுவும் செய்யாமல் போவதும் வருவதுமாக இருக்கும். கெப்பாசிட்டர் இந்த வீண் நடையைக் குறைக்கிறது.

ஆனால் சிறு கடைகளின் மீட்டர் அந்த வீண் நடைக்குக் காசு கேட்பதில்லை. அண்ணாச்சிக்கு அவர் தொழிலை வைத்தே விளக்கினேன். வாடிக்கைக்காரர் தூக்குவாளியில் எண்ணெய் வாங்க வருகிறார். வாளியோடு நிறுத்தாலும், வாளியின் எடையைக் கழித்துவிட்டுத்தானே காசு வாங்குகிறோம்? மீட்டரும் வாளியைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறது. இந்த டப்பா செய்வதெல்லாம் வாளியைக் கொஞ்சம் இலேசாக்குவது. எண்ணெய் அதே எண்ணெய்தான்.

பெரிய ஆலைகளுக்கும் பெரிய இணைப்புகளுக்கும் வாளிக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் முறை உண்டு. அங்கே அளவெடுத்து வைக்கும் கெப்பாசிட்டர்களால் உண்மையிலேயே பணம் மிச்சமாகும். அந்த உண்மையின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டுதான் விற்பனைக்காரர்கள் சந்துக் கடைகளுக்கு வருகிறார்கள்.

எத்தனை மணி நேரம் எரிகிறது?

டப்பா போனது. விளக்கை மாற்றினால் மிச்சமாகுமா என்று அண்ணாச்சி கேட்டார். ஆகும். எல்லா விளக்கிலும் ஒரே மாதிரி ஆகாது.

நான்கு அடி டியூப்லைட் 36 வாட். பழைய சோக் தன் பங்குக்குச் சுமார் 14 வாட் தின்னும். ஆக 50 வாட். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டி போட்டால் 30 வாட் மிச்சம். அண்ணாச்சியின் கடை முகப்பில் ஐந்து விளக்குகள். காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை 14 மணி நேரம் எரிகின்றன. ஒரு விளக்குக்கு மாதம் 12.6 யூனிட் மிச்சமாகும். யூனிட் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாசகர்கள் தங்கள் சீட்டில் உள்ள வீதத்தைப் போட்டுக்கொள்ளலாம். மாதம் 151 ரூபாய். 250 ரூபாய் கொடுத்து வாங்கிய பட்டி இரண்டு மாதத்துக்குள் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஆறாவது விளக்கு பின்னால் உள்ள சரக்கறையில் இருக்கிறது. மூட்டை எடுக்கப் போகும்போது மட்டும் போடுவார்கள். நாளெல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம். அதே 250 ரூபாய்ப் பட்டியை அங்கே போட்டால் மாதம் ஐந்து ரூபாய் நாற்பது காசு மிச்சம். முதல் திரும்ப நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பழைய குழாய் எரியும் மட்டும் எரியட்டும், போனபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அண்ணாச்சிக்கு அது பிடித்தது. அவர் ஆறையும் ஒரே நாளில் மாற்றும் திட்டத்தில் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விளக்கை மாற்றினால் பில்லே பாதியாகிவிடும் என்று எண்ணி ஏமாறக் கூடாது. சீட்டில் நிலைக்கட்டணம் என்று ஒரு வரி உண்டு. நீங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தாலும் அது வரும். மளிகைக் கடையில் ராப்பகலாக ஓடும் பிரிட்ஜும் ஐஸ்கிரீம் பெட்டியும் விளக்கைவிட அதிகம் தின்னலாம். ஏ.சி. வைத்த கடைகளில் மட்டும் விளக்கு மாற்றத்துக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. விளக்கு வெளியேற்றும் சூட்டையும் ஏ.சி.தான் இறைத்து வெளியே தள்ளுகிறது. 30 வாட் குறைத்தால் ஏ.சி.யின் தலையில் ஏறக்குறைய இன்னொரு 10 வாட் குறையும்.

அசையாமல் உட்கார்ந்தால் இருட்டு

ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் சென்சார் இப்போது பேச்சாக இருக்கிறது. கட்டடத்து மாடிப்படியில் வைக்கலாமா என்று குடியிருப்போர் சங்கங்களில் விவாதிக்கிறார்கள். மாடிப்படியில் 50 வாட் டியூப்லைட் இரவு பத்து மணி நேரம் எரிந்த காலத்தில் மாதம் 15 யூனிட், 180 ரூபாய் ஆயிற்று. அன்று நானூறு ரூபாய்ச் சென்சார் மூன்று மாதத்தில் முதலைத் திருப்பியிருக்கும். இப்போது அங்கே 9 வாட் எல்.இ.டி. பல்பு இருந்தால் மாதச் செலவே 32 ரூபாய்தான். சென்சார் 24 மணி நேரமும் விழித்திருக்கத் தானும் கொஞ்சம் குடிக்கும். மிஞ்சுவது இருபத்தைந்து ரூபாய் என்றால், முதல் திரும்ப ஒன்றேகால் ஆண்டுக்கு மேல். அதற்குள் மழைநீர் இறங்கிச் சென்சார் கெட்டால் கணக்குத் தலைகீழ். ஒரு சிக்கனத்தைச் செய்தபின் அடுத்த சிக்கனத்துக்கு மிச்சம் வைக்கச் சரக்கு குறைந்துவிடுகிறது. விற்பவர் இரண்டையும் சேர்த்து விற்கும்போது இதைச் சொல்வதில்லை.

சென்சார் சரியாகப் பொருந்தும் இடங்கள் உண்டு: பல விளக்குகள் எரியும் கிடங்கு, ஆள் எப்போதோ வரும் கோப்பறை, பெரிய அலுவலகங்களின் கழிப்பறை. மேசை வேலைக்கு ஆகாது. சாதாரணமாக விற்கும் சென்சார் உடற்சூடு அசைவதைத்தான் கண்டுகொள்ளும். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் கணக்கர் ஒருவர் தலை நிமிராமல் இருப்புக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை இருண்டுவிட்டது. அவர் நிமிராமலே இடக்கையை மேலே தூக்கி ஆட்டினார். வெளிச்சம் வந்தது. நாளைக்கு இருபது தடவை ஆட்டுவாராம். வேலை செய்யாமல் திரும்பித் திரும்பிப் பேசுகிறவர் தலைக்குமேல் விளக்கு அணைவதே இல்லை.

தேதி எழுதிய பல்பு

கிராபர்டு மார்க்கெட்டை ஒட்டிய லோஹார் சாலில் மின்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு எல்.இ.டி. பல்புகளுக்கு மூன்று மடங்கு விலை வித்தியாசம் இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது.

எல்.இ.டி. சில்லு எளிதில் கெடுவதில்லை. அதற்குப் பதமான மின்சாரத்தை ஊட்டும் 'டிரைவர்' என்ற சிறு சுற்றுத்தான் முதலில் போகிறது. டிரைவரில் உள்ள கெப்பாசிட்டருக்குச் சூடு எமன். பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தகரக் கூரைக்கு ஒட்டினாற்போல், அல்லது காற்றே புகாத கண்ணாடிக் குண்டுக்குள் போட்ட பல்பு பெட்டியில் எழுதிய 25 ஆயிரம் மணி நேரத்தை எட்டாது. மட்டச் சரக்கில் டிரைவரே பெயருக்குத்தான் இருக்கும்.

ஆகவே நான்கு விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் வாட் மட்டும் அல்லாமல் லூமனும் எழுதியிருக்க வேண்டும். வாட் என்பது தின்பது. லூமன் என்பது தருவது. ஒரு வாட்டுக்கு 100 லூமனாவது தராத பட்டியை வாங்காதீர்கள். ஐ.எஸ். எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். எரிசக்திச் சிக்கனக் கழகத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். கடைக்காரர் விற்ற தேதியைப் பல்பின் கழுத்தில் மார்க்கர் பேனாவால் எழுதித் தருவார். அந்தத் தேதிதான் உங்கள் கேரண்டிச் சீட்டு. வியர்வைக் கையால் அதை அழித்துவிட்டு மாற்றித் தரச் சொன்னால் எந்தக் கடையிலும் கேட்கமாட்டார்கள்.

விலையைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. 2014-ல் அரசு மொத்தக் கொள்முதலில் ஒரு எல்.இ.டி. பல்புக்கு 310 ரூபாய் கொடுத்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்குக் கோடிக்கணக்கில் வாங்கியதும், 2016-ல் அது 60 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. சந்தை விலையும் கூடவே இறங்கிற்று.

பழைய டியூப்லைட் சட்டத்திலேயே எல்.இ.டி. குழாயை மாட்டுகிறவர்கள் வயர்மேனைக் கூப்பிட்டுச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் விலக்கி இணைக்கச் சொல்லுங்கள். மாற்றிய சட்டத்தின்மேல் 'எல்.இ.டி. மட்டும்' என்று எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பழைய குழாயை அதில் மாட்டக் கூடாது.

கழற்றிய குழாய்களை உடைத்துக் குப்பையில் எறியாதீர்கள். டியூப்லைட்டிலும் சி.எப்.எல்.லிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. கை தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். விளக்குமாறு போட்டுப் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள். இந்தப் பாதரசத்துக்காகவே டியூப்லைட் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவது என்று மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-ல் முடிவு செய்தன. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

கறுப்பா, கருநீலமா?

இதுவரை பில்லைப் பார்த்தோம். விளக்குக்குக் கீழே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு காலாவில் எட்டு மிஷின் போட்டுத் தைக்கும் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். விளாத்திகுளம் பக்கம். இடம் வாடகைக்கு. மின்சாரம் இடத்துக்காரரின் மீட்டரிலிருந்து. யூனிட் கணக்கு இல்லை, பாயிண்ட் கணக்கு. ஒரு விளக்குப் பாயிண்டுக்கு மாதம் 150 ரூபாய். எட்டுப் பாயிண்டுக்கு 1,200.

இடத்துக்காரர் ஒருநாள் எட்டு டியூப்லைட்டையும் கழற்றிவிட்டு நான்கு எல்.இ.டி. பட்டி போட்டார். தம் செலவில் போட்டார் என்பதால் மாஸ்டருக்கு முதலில் மகிழ்ச்சிதான். முன்பு 400 வாட் எரிந்த இடத்தில் இப்போது 80. நாளைக்கு 12 மணி நேரம், மாதம் 26 நாள். ஏறக்குறைய 100 யூனிட் மிச்சம். அதே 12 ரூபாய்க் கணக்கில் 1,200 ரூபாய். மாதக் கடைசியில் மாஸ்டர் நான்கு பாயிண்டுக்குப் பணம் கொண்டுபோனார். எட்டுக்குக் கொடு என்றார் இடத்துக்காரரின் கணக்குப்பிள்ளை.

"நாலுலதான் லைட்டு இருக்கு."

"ஹோல்டர் எட்டு இருக்கே."

மிச்சம் எல்லாம் இடத்துக்காரருக்கு. குறைந்த வெளிச்சம் எல்லாம் எட்டுத் தையல்காரர்களுக்கு. பழைய குழாய் எட்டும் புதிதில் சுமார் 19 ஆயிரம் லூமன் தந்தவை. அதில் ஒரு பெரும்பங்கு கூரைக்கு வீணாகப் போனது உண்மை. எல்.இ.டி. பட்டி வெளிச்சத்தைக் கீழே மட்டும் அனுப்பும். ஆனாலும் நான்கு பட்டிக்கு எட்டாயிரம் லூமன்தான். செல்போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றை வைத்து ஊசிக்குக் கீழே பார்த்தேன். அது துல்லியக் கருவி அல்ல. ஓர் அந்தாசுக்கு உதவும். எந்த மிஷினிலும் 150-ஐத் தாண்டவில்லை. அலுவலக மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். தையலுக்கு 500-லிருந்து 1000. வேலை செய்யும் இடத்தில் போதுமான, பொருத்தமான வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17-வது பிரிவிலேயே எழுதப்பட்டது. எட்டு மிஷின் காலாவுக்குள் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை.

வெளிச்சத்தின் அளவு மட்டும் அல்ல, குணமும் கெட்டிருந்தது. அந்தப் பட்டிகள் நீலம் பாய்ந்த வெள்ளை. நிறம் காட்டும் தன்மையில் மட்டம். நல்ல விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். 80-க்குக் குறையக் கூடாது, துணி நூல் பார்க்கும் இடத்தில் 90 இருந்தால் நல்லது. அந்த வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு பையன் நாற்பது பேண்டுக்குக் கருநீலத் துணியில் கறுப்பு நூலை ஓட்டிவிட்டான். பீஸ் கூலி. பிரித்துத் தைத்த இரண்டு நாளுக்கு அவனுக்குக் காசு இல்லை.

பட்டியைச் செல்போன் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடின. மட்டமான டிரைவர் உள்ள விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். கண் அதைப் பார்க்காது. மாலையில் தலைவலியாகச் சிலருக்குத் தெரியும். சுழலும் சக்கரம் நிற்பதுபோல் தோன்றும் ஆபத்தும் உண்டு. பழைய சோக் டியூப்லைட்டிலும் இந்தக் குறை இருந்ததுதான்.

மாஸ்டர் செய்த காரியம் என்னவென்றால், முதலில் சுவரிலும் கூரைத் தகரத்தின் உட்புறத்திலும் வெள்ளை அடித்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பட்டிகளில் படிந்த பஞ்சைத் துடைத்தார்கள். பிறகு லோஹார் சால் போய், மிஷின் தலையில் காந்தத்தால் ஒட்டும் வளை கழுத்து விளக்கு எட்டு வாங்கினார். ஒவ்வொன்றும் 3 வாட். விளக்கு வேலைக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு குறைந்த வாட் போதும். ஊசிக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பார்த்தபோது ஆப் 900 காட்டியது. பாதி விலை மாஸ்டர், பாதி தையல்காரர்கள். ஊருக்குப் போகும்போது அவரவர் விளக்கை அவரவர் எடுத்துப்போகலாம் என்று ஏற்பாடு.

மறு மாதம் கணக்குப்பிள்ளை வந்தார். விளக்குகளை விரலால் எண்ணினார்.

"எட்டுப் பாயிண்டு கூடியிருக்கு. மொத்தம் பதினாறு."

மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். துணிக் கட்டின் அட்டையைக் கிழித்து அதில் கணக்கு எழுதினோம். எட்டு விளக்கும் சேர்ந்து 24 வாட், மாதம் ஏழரை யூனிட், 90 ரூபாய். கணக்குப்பிள்ளை கேட்டது 1,200. காலாவின் எல்லா விளக்கும் சேர்ந்து மாதம் 33 யூனிட்டுக்கு மேல் போகாது என்பதையும் கீழே எழுதிக் கொடுத்தோம். அட்டையை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

காலாவுக்குத் தனியாக ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் வாங்கிக்கொள்ள இடத்துக்காரர் இப்போது சம்மதித்திருக்கிறார். மீட்டர் விலையை யார் கொடுப்பது என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பாதி கொடுக்கத் தயார் என்கிறார் மாஸ்டர்.